நெற்றி தெரிகிறது

எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவு ஒன்பது மணி என்றால் மாயவரத்தில் ஞாயிறு காலை ஆறரை. அம்மா காபி குடித்து முடித்து, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, போனைக் கையில் எடுக்கும் நேரம். நவம்பரில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும்போது எங்களுக்கு அது எட்டு மணியாகிவிடும். "நேரத்தையே மாத்திக்கிற ஊரு!" என்று அம்மா வருஷம் தவறாமல் ஒருமுறை சொல்லிவிடுவாள்.

வீடியோ வந்ததும் முதலில் தெரிவது நெற்றி. பாதித் திரைக்கு நெற்றியும் விபூதியும், மீதிப் பாதிக்கு மின்விசிறியும் உத்தரமும். "அம்மா, போனைக் கொஞ்சம் கீழே இறக்கு" என்பேன். ஒரு விநாடி மூக்கு வரைக்கும் தெரியும். பேச்சு சுவாரஸ்யத்தில் மறுபடி நெற்றிக்கே போய்விடும். உங்கள் வீட்டிலும் இப்படித்தானே? எனக்குத் தெரிந்த பாதிப் பேருக்கு அம்மா அப்பா என்றால் இப்போது ஒரு நெற்றியும் ஒரு சீலிங் ஃபேனும்தான். என் மகள் சின்ன வயதில் பாட்டியைப் படம் வரைந்தபோது தலைக்கு மேலே மூன்று இறக்கை வைத்து வரைந்தாள். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நாங்கள் எத்தனையோ தடவை அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

போன வருஷம் ஆடி மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் நின்றுபோனது. அதைச் சொல்வதற்கு முன்னால் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் பிட்ஸ்பர்க் வந்து இறங்கியது 1989 ஜனவரியில். கல்யாணமாகி இரண்டு மாதம். அதற்கு முன்னால் பனியை சினிமாவில்தான் பார்த்திருந்தேன். ஊரில் எங்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது. எங்களுக்கும் அம்மாவுக்கும் நடுவே இருந்ததெல்லாம் ஏரோகிராம், அந்த வெளிர் நீலத் தாள். போக பன்னிரண்டு நாள், வர பதினான்கு நாள். குழம்பில் உப்பு கூடிப்போனால் என்ன செய்வது என்று வந்த புதிதில் எழுதிக் கேட்டேன். இருபத்தாறாம் நாள் பதில் வந்தது: "உருளைக்கிழங்கை வெட்டிப் போடு." அந்தக் குழம்பை நாங்கள் எப்போதோ சாப்பிட்டு முடித்திருந்தோம்.

அம்மாவின் கடிதத்துக்கு ஒரு இலக்கணம் உண்டு. மேலே பிள்ளையார் சுழி. வலது மூலையில் ஊரும் தேதியும். "அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கு யாவரும் நலம். அங்கு உங்கள் நலமறிய ஆவல்." பிறகு தெருச் செய்தி, மாடு, மழை, காவிரியில் தண்ணீர் வந்ததா இல்லையா, யார் வீட்டில் யாருக்கு வளைகாப்பு. இடம் தீர்ந்துபோனால் ஓரத்தில் செங்குத்தாக எழுதுவாள். அதுவும் தீர்ந்தால் மடித்து ஒட்டுகிற மடிப்பில். நான் கத்தியை விட்டுப் பிரிக்கும்போது அந்தக் கடைசி வரி பசையோடு கிழிந்து போய்விடும். பாதி எழுத்துகளை வைத்துக்கொண்டு அது என்ன சொல் என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருப்பேன். "வரும்போது..." என்று ஒரு தடவை கிடைத்தது. வரும்போது என்ன? கடைசி வரைக்கும் தெரியவில்லை. அம்மாவுக்கும் நினைவில்லை.

போன் பேசவேண்டுமென்றால் அதற்கும் முதலில் கடிதம்தான் எழுத வேண்டும். "மாசி முதல் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மில்காரர் வீட்டுக்கு வந்துவிடுங்கள்." இங்கிருந்து நிமிடத்துக்கு இரண்டு டாலருக்கு மேல் ஆகும். என் கணவர் ஆராய்ச்சி மாணவர். அந்த உதவித்தொகையில் மூன்று நிமிடம் என்பது ஒரு வாரத்துக் காய்கறி. அந்த மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம் "ஹலோ, கேக்குதா?" என்பதிலேயே போய்விடும். அப்போது நம் குரல் பெரும்பாலும் செயற்கைக்கோள் வழியாகத்தான் போகும். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேலே ஏறி, திரும்பி இறங்கி, ஒரு பக்கம் போய்ச்சேரவே கால் விநாடி. நான் பேசி, அம்மா பதில் சொல்லி, அது என் காதில் விழ அரை விநாடி. அந்த அரை விநாடி மௌனத்தை இரண்டு பேருமே தாங்க மாட்டோம். ஒரே சமயத்தில் பேசுவோம், ஒரே சமயத்தில் நிறுத்துவோம். அப்பா போனை வாங்கி, "குளிர்ல ஜாக்கிரதையா இரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடமே கொடுத்துவிடுவார். அவருக்குக் காசு வீணாகிறதே என்று கவலை. கூட்டுறவு சொசைட்டியில் கணக்கு எழுதியவர்.

1991-இல் மகள் பிறந்தபோது ஊரிலிருந்து ஒரு ஒலிநாடா வந்தது. ஊருக்குப் போய்த் திரும்பிய ஒரு நண்பரின் பெட்டியில், முறுக்குப் பொட்டலத்துக்கும் மருந்துப் பொடிக்கும் நடுவில். அறுபது நிமிட டேப். அம்மா தாலாட்டுப் பாடிப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். பாட்டோடு பின்னால் கிணற்று ராட்டினத்தின் சத்தம், காக்கை, தெருவில் ஐஸ் வண்டி மணி எல்லாம் விழுந்திருந்தன. மகளைத் தூங்க வைக்கப் போட்ட டேப்பில் நான் அழுதுகொண்டே உட்கார்ந்திருப்பேன். எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேனோ.

அதில் ஒரு இருமலும் இருந்தது. அப்பாவின் இருமல். பாட்டுக்கு நடுவே ஐந்தாறு இடத்தில் வரும். அதை நான் கேட்டேன், ஆனால் கேட்கவில்லை. புரிகிறதா? கிணற்று ராட்டினம் மாதிரி அதுவும் வீட்டுச் சத்தங்களில் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

1992 ஆகஸ்டில் ஒரு நாள் மத்தியானம் போன் அடித்தது. தம்பி. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து பேசினான். அந்த பூத்துகள் உங்களுக்கு நினைவிருக்கும்: கண்ணாடிக் கூண்டு, கண் எதிரே சிவப்பு எண்கள் ஓடுகிற மீட்டர். "அக்கா, அப்பா போயிட்டார்க்கா" என்றான். நான் ஏதேதோ கேட்டேன். "மீட்டர் ஓடுதுக்கா, கைல காசு அவ்வளவுதான் இருக்கு. அப்புறம் பேசறேன்." அவ்வளவுதான். பூத்தில் பேசி முடித்ததும் ஒரு சின்ன ரசீது அச்சாகி வரும். அதைப் பல வருஷம் கழித்து அவன் சட்டைப்பெட்டியில் பார்த்தேன். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி.

அப்பா ஒரு மாதமாகத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. அந்த ஒரு மாதத்தில் அம்மாவிடமிருந்து எனக்கு இரண்டு கடிதம் வந்திருந்தது. இரண்டிலும் "இங்கு யாவரும் நலம்". ஒன்றில் "அப்பாவுக்கு லேசாகச் சளி". ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதியவை, மேலே மட்டும் மாயவரம் என்று போட்டிருக்கிறாள். பிள்ளைப் பெற்றவள், பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே தனியாகப் பதறுவாளே என்று. மூன்றாவது கடிதம் அப்பா போன எட்டாம் நாள் எங்கள் தபால் பெட்டிக்கு வந்தது. அப்போது நான் இங்கே இல்லை. நியூயார்க், பம்பாய், மெட்ராஸ், எழும்பூரிலிருந்து அந்த மீட்டர் கேஜ் ரயில் என்று போய்ச் சேர்ந்து, காரியத்துக்கு உட்கார்ந்திருந்தேன். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. திரும்பி வந்து கடிதத்தைப் பிரித்தேன். "இங்கு யாவரும் நலம்." ஓரத்தில், அம்மாவின் எழுத்து இல்லாமல், சரிந்து இறங்குகிற எழுத்தில் ஒரு வரி: "குழந்தைக்குத் தலையில் குல்லா போடு."

இதை நான் இத்தனை விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய நாள் பேச்சு வந்தால் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் எல்லோரும் உருகிவிடுவார்கள். கடிதத்தின் வாசனை, தபால்காரரின் சைக்கிள் மணி, காத்திருப்பின் சுகம். நானும் உருகுவேன். பிஸ்கட் டப்பா ஒன்றில் நூற்று நாற்பது கடிதம் வைத்திருக்கிறேன். (வழக்கமாக அந்த டப்பாவில் ஊசி நூல்தான் இருக்கும், எங்கள் வீட்டில் நூலை வெளியே எடுத்துவிட்டேன்.) ஆனால் அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போகிறாயா என்றால் மாட்டேன். இந்தியாவில் 2013 ஜூலையில் தந்திச் சேவையை மூடினார்கள் என்று படித்தபோது ஊரே பழைய நினைவில் கண் கலங்கியது. எனக்கு ஒரு நிம்மதிதான் வந்தது. தந்தி என்று கேட்டாலே வயிற்றைப் பிசைகிற தலைமுறை நான்.

இப்போது பாருங்கள். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டு போட்டோவாக வருகிறது. மருந்துக்கடைக்கு இங்கிருந்தே பணம் போகிறது. தட்டச்சுத் தெரியாத அம்மா மைக்கை அழுத்தித் தமிழில் பேசி அனுப்புகிறாள். 2016 கடைசியில் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்ததிலிருந்து முகம் பார்க்காமல் ஒரு வாரம் போனதில்லை. முகம் என்றால் நெற்றி. நிமிடத்துக்கு இரண்டு டாலர் கொடுத்து "கேக்குதா?" என்று கத்தியவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

2021 மே மாதம், அந்தக் கொடுமையான மே மாதம், சித்தப்பா போனார். யாரும் எங்கும் போக முடியாது. உள்ளூரிலேயே நாலு பேருக்கு மேல் கூடவில்லை. ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க, சிங்கப்பூர், துபாய், டொராண்டோ, நான் என்று எல்லோரும் ஆளுக்கொரு சின்னக் கட்டத்துக்குள் நின்று பார்த்தோம். அப்பாவுக்குக் கிடைக்காதது சித்தப்பாவுக்குக் கிடைத்தது, முகம் பார்த்தேன். கை கூப்பினேன். அழுகிற சத்தம் அங்கே கேட்கக்கூடாதே என்று மைக்கை அணைத்துவிட்டு அழுதேன். அவன் அழைப்பைத் துண்டித்ததும் திரையில் ஒரு கேள்வி வந்தது. அழைப்பின் தரம் எப்படி இருந்தது? கீழே ஐந்து நட்சத்திரம்.

நான் எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது.

சரி, ஆடி மாதத்துக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை வழக்கம்போல நெற்றியும் ஃபேனும் பேசிக்கொண்டிருந்தன. யாரோ கூப்பிட, அம்மா போனைக் கட்டிலில் வைத்தாள். சமையலுக்கு உதவ வருகிற பெண் அதை எடுத்து, "அக்கா, சௌக்கியமா?" என்று என்னிடம் பேசிக்கொண்டே கூடத்தைச் சுற்றிக் காட்டினாள். ஒரு நொடி கட்டில் தெரிந்தது. அம்மாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டில் இருந்தது.

பாத்ரூமில் வழுக்கி விழுந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சென்னையிலிருந்து தம்பி போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறான். அந்த மூன்று சனிக்கிழமையும் நான் அம்மாவோடு பேசியிருக்கிறேன், முக்கால் மணி நேரம் முக்கால் மணி நேரமாக. "என்னம்மா இது?" என்று கத்தினேன். "சொன்னா நீ என்ன செய்வ பாப்பா? பதறுவ. டிக்கெட் போடுவ. உங்க வீட்டுக்காரருக்கு வேற இப்பதான் ஆபரேஷன் ஆச்சு" என்றாள் அம்மா, மிக சாதாரணமாக. போன் மறுபடி நெற்றிக்கு ஏறியிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளுக்குப் போன் பிடிக்கத் தெரியவில்லை என்று இத்தனை வருஷம் சிரித்தேனே, தெரியாமல் இல்லை. எவ்வளவு காட்டவேண்டுமோ அவ்வளவுதான் காட்டினாள். ஏரோகிராமில் மேலே மாயவரம் என்று போட்ட அதே கைதான்.

கட்டுப் பிரித்ததும் தம்பி கூடத்தில் ஒரு கேமரா வைத்தான். உள்ளங்கை அளவுதான். அவன் போனிலும் தெரியும், என் போனிலும் தெரியும். எனக்கு அது வரப்பிரசாதம் மாதிரி இருந்தது. மத்தியானம் டப்பாவைத் திறந்து சாப்பிடும்போது போனையும் திறப்பேன். அங்கே ராத்திரி பத்தரை, அம்மா படுத்திருப்பாள். புடவைத் தலைப்பு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டால் போதும், அடுத்த வாய் இறங்கும்.

ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு ஆபீஸ் பார்க்கிங்கில் காரில் உட்கார்ந்துகொண்டு திறந்தேன். மாயவரத்தில் நடுராத்திரி தாண்டி இரண்டரை மணி. இருட்டில் அந்தக் கேமரா எல்லாவற்றையும் சாம்பல் நிறமாகக் காட்டும். அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி இல்லை, முடி அவிழ்ந்திருந்தது. ஜெபம் செய்யவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, எதுவும் செய்யவில்லை. சும்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றி மட்டுமே காட்டுகிறவள் அன்று முழுசாகத் தெரிந்தாள். கூப்பிடலாமா? இந்த நேரத்தில் மணி அடித்தால் பயந்துவிடுவாள். ஏன் கூப்பிட்டாய் என்று கேட்டால் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். இருபது நிமிடம் நானும் காரில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் படுத்த பிறகு காரைக் கிளப்பினேன்.

அந்த வாரம் கேமரா இருண்டுபோனது. தம்பி பதறிப் போய் விசாரித்தால், "பூஜை பண்ணும்போது மேல துண்டைப் போட்டேன், எடுக்க மறந்துட்டேன்" என்றாளாம். அடுத்த வாரமும் மறந்தாள்.

நானும் தம்பியும் இதில் நன்றாகவே சண்டை போட்டோம். கேமராவை எடுத்துவிடலாம், அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றேன். "நீ அங்க உக்காந்துக்கிட்டு மரியாதை, மானம்னு பேசுவக்கா. விழுந்தா ராத்திரியோட ராத்திரியா கார் எடுத்துக்கிட்டு ஓடறது நான்தானே" என்றான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தையைக் கூட என்னால் மறுக்க முடியவில்லை. பாத்ரூமில் மறுபடி விழுந்து காலை வரைக்கும் யாருக்கும் தெரியாமல் கிடந்தால்? இந்த எண்பத்தோரு வயதில்? மரியாதை பேசியவள் என்ன பதில் சொல்வேன்? கடைசியில் கேமராவைத் திருப்பி வைத்தான். இப்போது அது கட்டிலைப் பார்ப்பதில்லை. கூடத்திலிருந்து பாத்ரூம் போகிற வழியை மட்டும் பார்க்கிறது. இரவில் யாரோ ஒருமுறை போவதும் வருவதும் தெரியும். நடை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறோம். இது சரியான ஏற்பாடா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அம்மா துண்டு போடுவதை நிறுத்தியிருக்கிறாள்.

அந்த இரண்டரை மணி மட்டும் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. அதை வீடியோவில் கேட்க முடியாது. கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சாப்பிட்டியா?" என்பாள். ஒரு நாள் தபால் நிலையத்துக்குப் போய் ஏரோகிராம் இருக்கிறதா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு அந்தச் சொல்லே தெரியவில்லை. சாதாரணத் தாளில் எழுதினேன். பேனா பிடித்துத் தமிழ் எழுதி எத்தனை வருஷமாயிற்று! முதல் பக்கத்திலேயே கை வலித்தது. பிள்ளையார் சுழி போட்டு, யாவரும் நலம் எழுதி, பிறகு ஒன்றொன்றாக எழுதினேன். இவருடைய ஆபரேஷனுக்கு முந்தின இரவு எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்பதை. அதை நானும் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. "சின்ன ஆபரேஷன்தாம்மா" என்றுதான் நானும் சொல்லியிருந்தேன். எழுதும்போதுதான் அது கண்ணில் பட்டது. அந்தச் சமயத்தில் சமையலறை விளக்கைப் போடாமல் அழைப்பை எடுத்தவள் நான்தான்.

இருபத்தோரு நாள் ஆனது கடிதம் போய்ச் சேர. போன ஞாயிறு அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள். கை நடுங்கி எழுதியிருந்தாலும் அதே எழுத்துதான். மேலே பிள்ளையார் சுழி. "அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கு யாவரும் நலம்." தெருச் செய்தி. மழை. எதிர்வீட்டுக் கல்யாணம். நடுவே, வேறெதையோ சொல்வதைப் போல: "ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் தூக்கம் வருவதில்லை. உங்கள் அப்பாவுக்கு அந்த நேரத்தில்தான் இருமல் அதிகமாகும். எழுந்து உட்கார்ந்து பழகிவிட்டது. பயம் ஒன்றும் இல்லை."

முப்பது வருஷத்துக்கு மேலாகிறது.

தாளின் வலது ஓரத்தில் செங்குத்தாக இன்னும் ஏதோ எழுதியிருந்தாள். போட்டோவில் பாதி வெட்டுப்பட்டுவிட்டது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். "வரும்போது" என்றா, "வரும்போதெல்லாம்" என்றா?

சனிக்கிழமை கேட்டேன். "அந்த ஓரத்துல என்னம்மா எழுதியிருக்க? இன்னொரு தடவை போட்டோ எடுத்து அனுப்பேன்."

"தாளை எங்க வெச்சேன்னு தெரியல பாப்பா. தேடிப் பாக்கறேன்" என்றது நெற்றி.